வெள்ளிப் பெயிண்டின் கனம்

அக்டோபர் 6, திங்கள்
செல்லூரில் தங்கப்பாண்டி அண்ணனின் சாயப்பட்டறை. அவருடைய வெந்நீர் டேங்கின் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வருஷா வருஷம் அளந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. ஜெல் தடவி மீட்டர் முனையை வைத்தால் கனம் எண்ணாக வந்துவிடும். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஆனால் ஆயுத பூஜைக்கு அடித்த வெள்ளிப் பெயிண்ட் பளபளக்கிறது, அளக்கும் இடத்திலெல்லாம் சந்தனம், குங்குமம். “சாமி கும்பிட்டு அஞ்சு நாள்தான் ஆச்சு ஜெனி. மேலாப்புல வச்சுப் பாரு” என்றார் அண்ணன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி வந்து பொட்டைச் சுரண்டினாள் என்ற பேர் எனக்கு எதற்கு? எப்போதும் போலப் பொட்டுக்குப் பக்கத்தில், பெயிண்ட் மேலேயே வைத்தேன். 5.2 மில்லிமீட்டர். நாலரைக்குக் குறையாமல் இருந்தால் போதும். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 7
வண்டியூரில் ஓர் எண்ணெய் டேங்க். விசேஷமில்லை.

அக்டோபர் 9, வியாழன்
பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கினேன். செல்லூர் டேங்க், முந்தின வருஷம் 5.2. போன வருஷம் 5.2. இப்போதும் 5.2. நாள் முழுக்க வெந்நீர் நிற்கிற இரும்பு தேயவே இல்லையா? தேய்ந்ததை வருஷத்துக்கொரு பூச்சுப் பெயிண்ட் மறைத்திருக்கிறது. மீட்டர் பெயிண்டையும் இரும்பாகவே கணக்கெடுக்கும், அதுவும் இரண்டு மடங்குக்கு மேல். எனக்குத் தெரியாததா இது? பட்டறையில் வேலை செய்யும் ராமக்காள் அக்கா அந்த டேங்குக்கு அடியில் உட்கார்ந்துதான் நூல் அலசுவார். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் —

அக்டோபர் 10
காலையிலேயே போய்ச் சொன்னேன். அண்ணனுக்கு வந்ததே கோபம். “தீபாவளி ஆர்டர் கழுத்த நெரிக்குது. திங்கக்கெழம நீதான எழுதிக் குடுத்த?”
“நான்தாண்ணே. அதுக்குத்தான் வந்துருக்கேன்.”
ராமக்காள் அக்கா ஈரக்கையோடு எழுந்து வந்து பொட்டைத் துடைத்தார். “நான்தான வச்சேன், நானே அழிக்கிறேன். நீ சுரண்டு தாயி.”
சுரண்டி வைத்தேன். 3.8. மீட்டரை அண்ணன் கையிலேயே கொடுத்தேன். அவரும் வைத்துப் பார்த்தார். 3.8. பிறகு அடுப்பை அணைக்கச் சொன்னார்.

அக்டோபர் 20
தீபாவளி. அண்ணன் வீட்டுப் பலகாரம் இந்த வருஷம் வரவில்லை.

நவம்பர் 24, திங்கள்
புது டேங்கை அளக்க அண்ணனே கூப்பிட்டார். வெள்ளிப் பெயிண்ட்தான். ஆனால் ஆறு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் இல்லை, கிரீஸ் மட்டும். பொட்டெல்லாம் தள்ளி வைத்திருந்தது. “ஒன் எடத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அண்ணன் உத்தரவு” என்றார் ராமக்காள் அக்கா. எட்டு மில்லி, ஆறு இடத்திலும்.
கிளம்பும்போது அண்ணன் ஒரு தூக்கை நீட்டினார். அதிரசம். “தீபாவளிக்குத் தரல. நேத்துச் சுட்டது.”
பாலம் ஏறுவதற்குள் இரண்டு தின்றுவிட்டேன்.