தட்டில் சுற்றாத பெயர்

உ

காரைக்குடி

அன்பு மகள் ஜனனிக்கு ஆத்தா ஆசியோடு எழுதுவது. பிள்ளையார்பட்டியான் தயவில் நானும் உன்னைப் பெற்ற அப்பச்சியும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். குளிருக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கவா இரண்டு லிட்டர் கொடுத்தனுப்பினேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். குடும்பக் குழுவில் எழுதினால் முப்பத்தேழு பேர் கும்பிடு போடுவார்கள், உனக்குத் தனியாக அனுப்பினால் அப்பச்சி என் போனை எடுத்து எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். அதனால் தாளில் எழுதி, நானே ஆட்டோ பிடித்துச் செக்காலைக் கூரியர் கடையில் கொடுக்கப் போகிறேன்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நம் மயில்கண் ரிக்கார்டு கம்பெனிப் பாட்டுகளை இணையத்தில் ஏற்றும் பொறுப்பை அப்பச்சி உன் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் ‘மலை தெரியுது முருகா, வலி தெரியலை முருகா’ பாட்டுக்குப் பாடியவர் அழ.லட்சுமணன் என்று தன் பெயரையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "ஆத்தா, இது பொம்பளைக் குரலாவுல இருக்கு, அதுவும் உங்க குரல் மாதிரியே இருக்கே" என்றாய். ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அப்பச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை. மாதக் கடைசிக்குள் பெயரை அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்றும் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பெனிக்கு அறுபதாம் ஆண்டு என்று அப்பச்சி ஒரு மலர் போட்டிருக்கிறார்கள், உனக்கும் வந்திருக்கும். உன் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், தமிழிசையை வாழவைக்கவே கம்பெனி தொடங்கினார் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. நடந்தது வேறு. ஐயா தங்கை மகள் கல்யாணத்தில் தாலி கட்டித் திருப்பூட்டுகிற நேரம் பார்த்து, மைக் செட்காரர் காதலி செத்துப்போன சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்கே ஐயா, கல்யாண வீட்டுக்குத் தகுந்த ரிக்கார்டை நாமே போட்டால் என்ன என்று கிளம்பினார். முதலில் நாதஸ்வரம், பிறகு நலுங்குப் பாட்டு, பிறகு பழனிக்கு நடப்பவர்களுக்குக் காவடிப் பாட்டு, அப்புறம் கேசட், சிடி, இப்போது நீ. மலரில் எண்பது பக்கம். ஐயா கார் வாங்கியதற்கு நான்கு பக்கம், மூன்றாம் முறை பெயின்ட் அடித்ததற்குப் படம். என் பெயர் கடைசிப் பக்கத்தில், விருந்து ஏற்பாடு என்பதற்குக் கீழே.

நான் கல்யாணமாகி வந்த மறுவருடம் அந்தக் காவடிப் பாட்டைப் பதிவு செய்ய மெட்ராஸிலிருந்து மெஷினோடு ஆள் வந்தார். நம் வீட்டு இரண்டாங்கட்டு ஹாலில்தான் பதிவு. பாட வேண்டிய அம்மாள் வீட்டில் அன்று காலையில் ஒரு சாவு, வர வழியில்லை. மெஷின் சாயங்காலம் ரயிலேற வேண்டும். பத்து நாள் ஒத்திகையைச் சமையற்கட்டிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு முழுப் பாட்டும் பாடம். வேறு நாதியில்லாமல் என்னை உட்கார்த்தி வைத்தார்கள். ஒரே தடவையில் பாடி முடித்தேன், மெஷின்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அதற்கப்புறம்தான் ஐயாவுக்குக் கவலை வந்தது. "நம்ம வீட்டுப் பொம்பளை பேரு ஊரூரா ரிக்கார்டுத் தட்டுல சுத்தக் கூடாது" என்றார். குரல் சுற்றலாம் போலிருக்கிறது. யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்தார். "புருசன் பொண்டாட்டியக் கோயில் வரிக் கணக்குல ஒரே புள்ளியாத்தான எண்ணுறாக, அவன் பேரப் போட்டா அவளும் அதுக்குள்ள இருக்கா" என்றார். அப்படியே, பாடியவர் அழ.லட்சுமணன் குழுவினர் என்று அச்சாகி வந்தது. குழுவினர் நான் ஒருத்திதான். விருந்தாளிகளுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிடும் என்று அதன்பிறகு வீட்டில் பாடவும் வேண்டாம் என்றுவிட்டார். உனக்கு நான் தாலாட்டுப் பாடியதில்லை, அந்த ரிக்கார்டைத்தான் போட்டுவிடுவேன். நீயும் தூங்கிவிடுவாய்.

நாற்பத்தொன்பது தைப்பூசம் போய்விட்டது. குன்றக்குடி தொடங்கிப் பழனி வரை வழியெல்லாம் அந்தப் பாட்டுத்தான். கேட்டுக் கேட்டு அப்பச்சிக்கே தான் பாடியதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவ்வளவு நல்ல பாட்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அறுபதாம் ஆண்டு விழா. ஊர் இசை மன்றத்தார் அப்பச்சிக்குப் பொன்னாடை போர்த்தி ‘பாதயாத்திரைக் குயில்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். மன்றத் தலைவர் சத்தியமூர்த்தி, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், மைக்கை நீட்டிக் குயில் இரண்டு வரி கூவ வேண்டும் என்று கேட்டுவிட்டார். குயிலுக்கு முகம் வெளிறிவிட்டது. பிள்ளையார் பாட்டே இழுத்துப் பறித்துப் பாடுகிறவர்கள் என்று உனக்குத் தெரியுமே. தொண்டையைத் தொட்டுக் காட்டி, "கொஞ்சம் கட்டியிருக்கு, எங்க வீட்டுல பாடுவாக" என்று என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்தே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பட்டமும் நீங்களே, பாட்டும் நீங்களே பாடுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மைக் எதிரே வந்து நாற்பத்தொன்பது வருடம் ஆயிற்று, ஜனனி. எனக்கு ஆசையாக இருந்தது, போய்ப் பாடினேன். முதல் வரியில் கொஞ்சம் நடுங்கியது, இரண்டாம் வரியில் குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பின் வரிசையில் மாலை போட்டு நடந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். இறங்கி வந்ததும், பதினொரு வருடம் நடந்தவளாம், கல்லலிலிருந்து வந்த அழகி என்கிறவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, ரிக்கார்டுல உள்ள மாதிரியே அச்சா பாடுறீக, யாருட்டக் கத்துக்கிட்டீக" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ‘கணவரின் பாடலைப் பாடி அசத்திய மனைவி’ என்று செய்தி. அப்பச்சி அதைப் பெருமையாக லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் மாட்டிவிட்டு இறங்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே கேட்டேன், பாட்டுக்கு என் பெயரைப் போடச் சொல்லி ஜனனிக்கு எழுதிவிடவா என்று. "இப்பப் போயி மாத்துனா இத்தனை வருசமும் நான் பொய் சொன்னேன்னு ஆயிடாதா" என்றார்கள். "சொன்னது ஐயா, நீங்க சும்மா இருந்தீக, அம்புட்டுத்தான" என்றேன். காப்பி கொடுத்தேன், குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "அப்ப அந்தப் பாட்டுல நான் எங்குட்டு இருக்கேன்" என்று கேட்டார்கள். பாவமாகத்தான் இருந்தது. பதிவு நடந்த அன்று அவர்கள் ஒரு கம்பை வைத்துக்கொண்டு வளவு முற்றத்தில் நின்று, சத்தம் போடாமல் காக்காய் விரட்டினார்கள். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை, அது பெரிய உதவிதான். "குழுவினர்ல இருக்கீக" என்றேன். சிரித்தார்கள், சரியென்று சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நம் வீட்டில் அதற்குச் சரியென்றுதான் அர்த்தம்.

ஆகவே விசாலாட்சி குழுவினர் என்று எழுது. புள்ளி ஒன்றுதானே, அப்பச்சி அதற்குள் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது, நான் அப்படி இருந்து பார்த்திருக்கிறேன்.

மாவடு ஊறட்டும், சித்திரையில் அனுப்புகிறேன். மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். தீர்க்காயுசாக இருவரும் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும் என்று இருந்த இடத்திலிருந்தே திருநீறு பூசி விடுகிறேன். மாதக் கடைசி, மறந்துவிடாதே. எப்போதும் கடிதத்தின் கீழே ஆத்தா என்று மட்டும்தான் போடுவேன். இந்தத் தடவை கையெழுத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுது, முன்னாலும் பின்னாலும் யார் பெயரையும் சேர்க்காதே.

இப்படிக்கு, பாடியவர்,

விசாலாட்சி