வரிசையில் முதல் ஆள்

12.8.2003, செவ்வாய்

டாக்டர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டோம். நர்ஸ் வேலை இல்லாவிட்டாலும் அவர் மனைவிக்குத் துணையாக நான் தினமும் படப்பையில் கிளினிக்கை ஒட்டிய அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். அம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

இன்று காலை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒருவன் வாசலில் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களிடம் டோக்கன் கிடையாது. செருப்பை வரிசையில் விட்டால் அதுதான் இடம். மகள்களுக்குத் தலை பின்னிவிட்ட பிறகுதான் டாக்டர் கதவைத் திறப்பார். ஒருவரும் முணுமுணுத்ததில்லை. இவனும் அப்படித்தான் காத்திருந்தான்.

"டாக்டரு இல்லப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும் யக்கா. எனக்கு முன்னால ஒரு ஆளு இருக்காவ. டீ குடிக்கப் போயிருப்பாவ போல. அவிய பாத்துட்டு வரட்டும்."

அவன் செருப்புக்கு முன்னால் கிடந்தது டாக்டருடைய செருப்பு. கடைசியாக அவர் கழற்றிவிட்ட அதே இடத்தில்.

எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்று குனிந்தேன். ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வேண்டாம் பிள்ளை. அது அங்கயே கிடக்கட்டும்."

அவனிடம் டாக்டர் ஊரில் இல்லை என்று மட்டும் சொல்லி, வேறு டாக்டரிடம் போக ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

"எப்ப வருவாவ யக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

நாளைக் காலையிலும் வாசலை நான்தான் கூட்ட வேண்டும். அந்தச் செருப்பு அசையாமல்.