நொகாலெஸ் வழி போகாத வண்டி

அன்புள்ள எலோய்சாவுக்கு,

அரிசோனாவிலிருந்து தெயோஃபிலோ எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஆறவில்லை.

முதலாளி ஹார்லன், படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில் நம் நாட்டுப் பெனாஸ்கோ கடலுக்குப் போகிறார். ஓட்டப் போவது நான். நொகாலெஸில் எல்லை தாண்டினால் சுற்றுவழி, ஆனால் நம் ஊர் மக்தலேனா வழியில் வரும். எனக்காக ஒத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு உன் கையால் காப்பி குடித்திருப்பேன். இன்று மேப்பில் விரலைச் சொனோய்தா எல்லைக்கு மாற்றிவிட்டார்; அந்த வழியில் நம் ஊர் வராது.

"வாக்கு கொடுத்தீங்களே முதலாளி!"

"யோவ், நீதானே சொன்னே? நொகாலெஸ் ரோட்டுக் குழியில மாடே விழுந்து கெடக்கும், பாலத்துல வண்டி மாட்டிக்கும்னு! டோரிஸ் அந்தப் பேரைக் கேட்டாலே நடுங்குறா."

போன வாரம் அவர் மனைவி டோரிஸைப் பயமுறுத்திச் சிரிக்க நான் அளந்த கதை அது.

"விளையாட்டுக்குச் சொன்னேங்க!" என்று கத்தினேன்.

"இப்பத்தான் விளையாடுறே, ஊருக்குப் போறதுக்காக," என்று மேப்பை மடித்துவிட்டார்.

அவர்மேல் கோபம். அதைவிட என் வாய்மேல். கல்யாணத்தன்றே அதை நீ தைத்திருக்கலாம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை, சொனோய்தாவில் எல்லையை ஒட்டிய டீசல் பங்கில் நிற்போம். பஸ் பிடித்து வந்துவிடு. நீ சுட்ட ரொட்டியும் என் பழைய கம்பளிச் சட்டையும் கொண்டு வா. சட்டை இல்லாவிட்டாலும் நீ வா.

எஞ்சின் சூடாகிவிட்டது, ஒரு மணி நேரம் ஆறட்டும் என்று முதலாளியிடம் சொல்வேன். இந்தக் கதையையும் அவர் நம்பட்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன்
தெயோஃபிலோ