மடலை நிறுத்தக் கை தூக்கியவன் எழுதுவது

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 88,
மனமகிழ் மன்றம்.
(ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, வயது 67)

பெறுநர்:
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்,
பதிவு அலுவலகம்.

பொருள்: மனமகிழ் மன்றத்தின் மாத மடல் அச்சிடுவதை நிறுத்திய தீர்மானத்தை ரத்து செய்து, மடலை மீண்டும் அச்சிட்டுத் தபாலில் அனுப்ப உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மன்ற விதி எண் 17, ஆகஸ்டு மாதப் பொதுக்குழுக் கூட்டக் குறிப்பு, செயலாளரிடம் நான் கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி மன்றத்தில் இருபத்தொரு ஆண்டுகளாக உறுப்பினர். எங்கள் மன்றம் மாதந்தோறும் நான்கு பக்க மடல் ஒன்றை அச்சிட்டு உறுப்பினர் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பி வந்தது. போட்டி முடிவுகள், உறுப்பினர் கடிதங்கள், கடைசிப் பக்கத்தில் உடல்நலம் இல்லாதவர்கள், காலமானவர்கள் விவரம் ஆகியவை அதில் இருக்கும்.

2. மடல் அச்சிடப்பட்டு ஒவ்வொரு உறுப்பினருக்கும் தபாலில் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி 17. விதியைத் திருத்த, வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு வேண்டும். ஆகஸ்டு கூட்டத்தில் 57 பேர் இருந்தோம். அச்சை நிறுத்தி, மடலைக் கைப்பேசியில் அனுப்பலாம் என்பதற்கு ஆதரவாக 31 பேரும் எதிராக 26 பேரும் கை தூக்கினர். தீர்மானம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. விதிப்படி அது செல்லாது.

3. அக்கூட்டக் குறிப்பைத் தாங்கள் வரவழைத்துப் பார்த்தால், ஆதரவாகக் கை தூக்கிய 31 பேரில் 88 என்ற என் எண்ணும் இருக்கும். அதைத் தாங்களாகக் கண்டுபிடிப்பதைவிட நானே சொல்வது முறை. காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அது சற்று நீளும்; பொறுத்தருள வேண்டும்.

4. மன்றத்தில் கேரம் இரட்டையர் ஆட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகள் எனக்கு ஒரே ஜோடிதான். அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இரட்டையர் ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆகவே என் வீட்டாருக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்த்த முகம் அவருடையது. என் கைக்கு அவர் கண் துணை என்று மன்றத்தில் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் "பார்ட்னர்" என்றே கூப்பிட்டுக்கொள்வோம்.

5. சென்ற ஜூன் மாத இறுதிப் போட்டியில், ஆட்டம் எங்கள் பக்கம் இருந்த நேரத்தில், என் சுண்டுவிரல் பட்டு ஒரு காய் நகர்ந்தது. எதிரணியும் பார்க்கவில்லை, நடுவரும் பார்க்கவில்லை. எதிரே இருந்த என் பார்ட்னர் கையை உயர்த்தி, "விரல் பட்டுச்சுங்க, ஃபவுல்" என்றார். தோற்றோம். நாற்பது பேர் நடுவில் என்னைத் திருடனாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. விரல் படவே இல்லை என்று சத்தம் போட்டுவிட்டு வெளியேறினேன்.

6. மறுவாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் இல்லை என்று சொல்லும்படி மனைவியிடம் கூறிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். என் இருமல் வாசல்வரை கேட்டிருக்கும். அவர், "சரிம்மா, அப்புறமா வர்றேன்" என்று சொல்லிப் போனார். தொலைபேசியில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. என் மனைவி, "ஒரு விரலுக்காக ஒரு மனுஷனையே விட்டுட்டீங்களே" என்றாள். அதற்கும் கோபப்பட்டேன்.

7. ஆகஸ்டு கூட்டத்தில் மடல் அச்சில்தான் வர வேண்டும் என்று எழுந்து பேசியவர் அவர். பேசி அவர் உட்கார்ந்ததும் நான் எதிர்ப்பக்கம் கை தூக்கினேன். என் கைப்பேசி பொத்தான் வைத்தது. மடல் அதில் வராது. அது அன்று என் புத்தியில் படவில்லை. அவருக்கு எதிராக ஒரு கை கூட வேண்டும், அவ்வளவுதான்.

8. அதே கூட்டத்தில் செயலாளர் ஓர் உறுதி அளித்தார். அது குறிப்பிலும் இருக்கிறது. மடல் பெறும் வசதியுள்ள கைப்பேசி இல்லாத உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பப்படும் என்பது அந்த உறுதி. அப்படி ஒரு பிரதிகூட இன்றுவரை யாருக்கும் அனுப்பப்படவில்லை. இதையே என் முதன்மையான புகாராகப் பதிவு செய்ய வேண்டுகிறேன். வராத மடலை நானும் கேட்டுப் போகவில்லை. மன்றத்தின் பக்கமே போகக் கூடாது என்ற வீம்பில் இருந்தேன்.

9. மன்றத்தின் கேரம் அறை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். அக்டோபர் முதல் ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் அவர் தனியாக எங்கள் போர்டின் முன் உட்கார்ந்திருந்ததை, மருந்துக்கடைக்குப் போகும் வழியில் மூன்று நான்கு தடவை பார்த்தேன். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. புது ஜோடி பிடித்துவிட்டார், அந்த ஆளுக்காகக் காத்திருக்கிறார் என்று எண்ணினேன். ஒருநாள் அவர் நிமிர்வது போலிருந்ததும் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன்.

10. டிசம்பரில் அவர் கடை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மூடியிருந்தது. மூன்றாம் நாளும் திறக்காததால் மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன்; அவரும் மன்ற உறுப்பினர். "உங்களுக்கா தெரியாது? செவ்வாக்கிழமையே எடுத்துட்டாங்களே! மன்றத்துலேருந்து எல்லாருக்கும் போன்ல வந்துச்சே" என்றார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருடம் எதிரே இருந்தவரின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

11. அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. "மாமா, அப்பா எழுதினதுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்டேன். அந்தப் பெண் தம் கைப்பேசியை எடுத்து, அக்டோபர் மடலைத் திறந்து, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கி என் கையில் கொடுத்தார். உறுப்பினர் கடிதப் பகுதியில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"பார்ட்னருக்கு, விரல் பட்டதைப் பார்த்தேன், சொன்னேன். மறுபடி பார்த்தாலும் சொல்வேன். ஆனால் நடுவரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்களே சொல்லியிருப்பீர்கள். அந்த வாய்ப்பை நான் பறித்துவிட்டேன். அது என் தப்பு. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு நம் போர்டில் இருப்பேன். அன்று முடியாவிட்டால் அடுத்த வியாழன்."

12. ஐயா, விரல் பட்டது உண்மை. பட்ட நொடியிலேயே எனக்குத் தெரியும். நானே சொல்லியிருப்பேன் என்று அவர் நம்பியதுதான் தவறு. இதை அவர் மகளிடம் அங்கேயே சொன்னேன். அவர், "அப்பாவுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா மாமா? உள்ள வந்து உட்காருங்க" என்றார்.

13. மன்றத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் பிறகு கேட்டேன். பார்ட்னர் ஒவ்வொரு வியாழனும் போர்டில் பவுடர் போட்டு, காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஏழு மணிவரை இருப்பாராம். வேறு யாராவது ஆட வந்தால், "ஆள் வருதுப்பா" என்பாராம். பதினோரு வியாழன். "நடுவுல ஒரு வாரம் நல்ல காய்ச்சல்ணே. வீட்டுக்குப் போங்கன்னேன். இன்னிக்குப் பார்த்து வந்துட்டா என்ன பண்றதுன்னாரு" என்று அந்த அம்மா சொன்னார்.

14. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செயலாளரிடம் மனு கொடுத்தேன். "நிறுத்தணும்னு கை தூக்கினவரே நீங்கதானே ஐயா? இப்ப நீங்களே வந்து கேட்டா நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. அவர் கெட்டவர் இல்லை. நல்ல போன் ஒன்று வாங்கினால் தாமே எல்லாம் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எனக்கு அதில் வர வேண்டியது வந்து போய்விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

15. விதிக்குப் புறம்பான அத்தீர்மானத்தை ரத்து செய்து, மடலை முன்போல் அச்சிட்டு அனுப்ப மன்றத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். கைப்பேசியில் அனுப்புவதும் தொடரட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விடுபட்ட மாதங்களின் பிரதிகளையும் உரியவர்களுக்கு உடனே அனுப்பச் சொல்ல வேண்டும். தூக்கிய கையைத் திரும்பப் பெற விதியில் இடம் இருந்தால் என் வாக்கை நீக்கிவிடலாம். இடம் இல்லையென்றால் என் பெயரிலேயே இருக்கட்டும். நான் செய்ததுதானே.

16. எனக்காக இதைக் கேட்கவில்லை. மன்றத்தில் என்னைப் போல் பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒருவர் பழைய செவிலியர். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஒருவருக்கு வீட்டில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மடல்கள் வந்துவிட்டன. அவற்றில் தங்களுக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அந்த ஒன்பது பேருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவருக்காக இந்த வாரமும் யாராவது ஓரிடத்தில் வந்து உட்கார்ந்திருக்கக்கூடும். ஆகையால் இம்மனுவை வரிசையில் வைக்காமல் முன்னதாக எடுத்து விசாரிக்குமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
உறுப்பினர் எண் 88

இடம்: என் வீடு
தேதி: மார்ச் 11

இணைப்பு:
விதி 17, நகல்.
ஆகஸ்டு கூட்டக் குறிப்பு, நகல்.
அக்டோபர் மடலின் மூன்றாம் பக்கம், ஒரு தாள். (இறந்தவரின் மகள் தாளில் எடுத்துக் கொடுத்தது. என்னிடம் இந்த ஒரு பிரதிதான் உள்ளது. பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன்.)