ஃப்ரீசரில் வைக்காத எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான், அது மருந்தில் தீராது.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில், ஆலிவ் எண்ணெயில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெரிய கருவிக்கு ஒரு பொறுப்பாளரைப் போடுவதாகச் சொன்னார்கள். போட்டி எனக்கும் பக்கத்து மேசைக்காரனுக்கும். ஆளுக்கொரு எண்ணெயைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த சாற்றை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, கொழுப்பு உறைந்த பிறகே கருவியில் ஏற்ற வேண்டும். அவன் காத்திருந்தான். அவனை முந்துவதற்காக நான் ஃப்ரீசரில் வைக்காமலே இரண்டு மணி நேரத்தில் ஏற்றினேன். கொழுப்பு கருவியின் குழாயை அடைத்துக்கொண்டது.

“எண்ணெய்க்கே இல்லாத அவசரம் உனக்கு எதுக்குப்பா?” என்றார் மேலதிகாரி அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பயப்படாதே, வேலை போகவில்லை. பொறுப்புதான் அவனுக்குப் போய்விட்டது.

குழாயைக் கழுவ அவனே உதவிக்கு வந்தான். “விடுடா, எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு” என்றான். பொய். அவனுக்கு ஆகியிருக்காது.

என் பழைய போர்வையை அனுப்பு. அப்புறம், அவன் அம்மா தினமும் மதியம் ஒரு மணிக்கு அவனைக் கூப்பிட்டு, சாப்பிட்டானா என்று கேட்கிறார். நீயும் கூப்பிடு. பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சரியாக ஒரு மணிக்கு, அவன் பக்கத்தில் இருக்கும்போது.

இடைவேளை முடிந்துவிட்டது.

உன் மகன்