தூக்க ஆளில்லாத தேர்

12 ஜூன் 1991, புதன். ஏற்காடு.

நாளை மாலை அந்தோணியார் தேர். தோளில் தூக்க ஆள் இல்லை.

போன ஞாயிறு பூசையில் தென்னாப்பிரிக்காவுக்காக நன்றி சொன்னோம். கறுப்பரை ஒதுக்கிவைத்த சட்டங்களை அங்கே எடுக்கிறார்களாம். கோயில் திருவிழாக் கமிட்டிச் செயலாளன் என்று நான்தான் மன்றாட்டை வாசித்தேன். வெளியே வந்ததும், காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் குடியிருக்கும் மரியபுஷ்பம் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த வெள்ளக்காரங்களுக்கு மனசு எளகிருச்சுங்களா?"

"மனசாவது, எளகறதாவது. மத்த நாடெல்லாம் அவங்க சரக்கே வேண்டாம்னுட்டாங்க. வேற வழியில்லாம எடுக்கறாங்க" என்றேன். பேப்பர் படிக்கிற பெருமை எனக்கு.

இன்று சாயங்காலம் லைன்காரர்களோடு வந்து நின்றாள். வருஷா வருஷம் தேரைச் சுமப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் தெருவுக்குள் மட்டும் தேர் போனதே இல்லை.

"எங்க தெருவுக்கு வராத தேருக்கு இனி நாங்க தோள் குடுக்கறதில்லைங்க." குரலை உயர்த்தவில்லை.

கமிட்டித் தலைவர் பக்கத்து ஊர் வாழவந்தியில் ஆள் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் இவர்களுடைய சொந்தக்காரர்கள்தான், வர மறுத்துவிட்டார்கள். "எவன் இவங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மரியபுஷ்பம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கமிட்டி நோட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

காலையில் கமிட்டி கூடுகிறது. தேர் லைனுக்குள் போகட்டும் என்றுதான் கை தூக்கப்போகிறேன். மனசு இளகித்தான் தூக்குகிறேன் என்று எழுதப் பார்க்கிறேன். பேனா ஓட மாட்டேன் என்கிறது.