வேதவல்லியின் மூச்சு

டிசம்பர் 1941, வெள்ளி இரவு

புதிய ஒலிபெருக்கிப் பெட்டியை இன்று ஸ்ரீரங்கத்தில் சேஷாத்ரி வீட்டில் பொருத்திக் காட்டினேன். தேக்குப் பலகையின் உள்பக்கம் கம்பளி ஒட்டி, இரைச்சலை அடக்க வாரக்கணக்கில் மெனக்கெட்டேன். அவர் மனைவி வேதவல்லி போன வருஷம் காசநோயில் தவறிவிட்டார். அதற்கு முன் அந்த அம்மா பாடிக் கொடுத்த கிராமபோன் தட்டைக் கேட்கத்தான் சேஷாத்ரி பெட்டியே செய்யச் சொன்னார்.

தட்டைச் சுழலவிட்டதும், அந்த அம்மா எதிரே உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேஷாத்ரியின் முகம் வெளுத்துவிட்டது.

"பாய், ஒவ்வொரு வரிக்கும் நடுவுல அவளுக்கு இரைக்கறதே, கேட்டேளா? பழைய கிராமபோனோட தகரக் குழாயில இது கேட்டதேயில்லை. பாடின அன்னைக்கே அவளுக்கு முடியலை. நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன்."

"பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாம். இன்னொரு தடவை போடுங்கோ."

போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன். பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு, அந்த அம்மா மூச்சு வாங்கும் இடங்களில் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். நான் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பெட்டியைக் கொஞ்சம் மட்டமாகவே செய்து கொடுத்திருக்கலாமோ.